வெளிறிய மாத்திரை

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பெயர் வைத்தவர்கள் தையல்காரர்கள், வயிற்றெரிச்சலில் வைத்தது. தைத்து முடித்த சட்டை எதுவானாலும் பெட்டிக்குள் போகுமுன் அவள் மேசையைத் தாண்டியாக வேண்டும். ஒரு பொத்தான் மற்றவற்றைவிட ஒரு பொட்டு வெளிறியிருந்தால் போதும், சட்டை வந்த வழியே திரும்பிவிடும். "அசலுக்குச் சாயம் ஏறும், போலிக்குச் சாயம் குறையும்" என்பது அவள் அடிக்கடி சொல்லும் வேதவாக்கு. போலி செய்கிறவன் முதலில் கைவைப்பது சாயத்தில்தானாம். ஓய்வு பெற்று வீட்டோடு இருந்தபோதும் அந்தக் கண் ஓயவில்லை. அந்தக் கண்ணை நம்பித்தான் அவள் தன் குடியைத் தானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

கண்ணுக்கு இருந்த கூர்மையைப்போல மனதுக்குத் தைரியம் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவளுடைய பயமெல்லாம் கணவர் ஒருவரைப் பற்றியதுதான். அவர் லிஃப்ட் பழுது பார்த்தவர். வாழ்நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியில் தொங்கி வேலை செய்தபோது அவள் பயப்பட்டதில்லை. அவர் அண்ணன் விழுந்த பிறகுதான் பயம் பிடித்தது. அந்த மனிதர் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது, பாதி முகத்தில் நுரையோடு அப்படியே சரிந்தார். ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். உயிர் பிழைத்தது, பேச்சு பிழைக்கவில்லை. சாகிறவரை இவர்கள் வீட்டு முன்னறையில்தான் கிடந்தார். கஞ்சி ஊட்டும்போதெல்லாம் அவளையே பார்த்து எதையோ சொல்ல முயல்வார். என்ன சொல்ல வந்தார் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

அதன் பிறகு கணவர் சவரம் செய்யும்போதெல்லாம் அவள் குளியலறைக்கு வெளியே நிற்பாள். ரேசரைத் தகரக் குவளையின் விளிம்பில் அவர் தட்டும் சத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் அவள் கதவைத் தட்டிவிடுவாள்.

"உள்ள ஒருத்தன் தாடி எடுக்கிறதுக்கு வெளிய காவல் வேறயா?" என்பார் அவர்.

"நீங்க பாட்டுக்கு எடுங்க. நான் சும்மா நிக்கிறேன்."

சும்மா நிற்கிறவள் முகம் அப்படியா இருக்கும்? பேயறைந்தவள்போல இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மருத்துவமனை மாடியில் ஓர் ஆராய்ச்சி நடப்பதாகக் கேள்விப்பட்டாள். வயதான பெண்களுக்கும் ஆண்களுக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் வருமுன்பே தடுக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு ரத்தத்தை இளக்கும் அசல் மாத்திரை. மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிறவர்களுக்கும் தெரியாது, சாப்பிடுகிறவர்களுக்கும் தெரியாது.

"நீயும் வந்தா நானும் வரேன்" என்றார் கணவர். நல்ல திடமான உடம்புக்காரருக்கு மருத்துவமனை வாசலே பிடிக்காது. சரி என்று அவளும் போனாள். ஆராய்ச்சி டாக்டர் நடுவயதுப் பெண். பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயிற்றில் எப்போதாவது புண் இருந்ததா என்றபோது இவள் இல்லை என்றுவிட்டாள். தொழிற்சாலை நாட்களில் வேளைக்குச் சாப்பிடாமல் இவள் வாங்கிக்கொண்ட புண் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் தன்னை வேண்டாம் என்றால் அவரும் எழுந்து வந்துவிடுவாரே என்ற பயம் நாக்கைப் பிடித்துக்கொண்டது.

ஈறில் ரத்தம், உடம்பில் காரணமில்லாத நீலம், மலம் கறுத்துப் போவது, இதில் எது வந்தாலும் உடனே ஓடி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாள். அசல் மாத்திரை ரத்தம் உறைவதைத் தடுக்கும், கசியவும் வைக்கலாம். அரிதாகத் தலைக்குள்கூடக் கசியலாம்.

வீட்டுக்கு வந்த அன்றே பூதக்கண்ணாடி வேலையைத் தொடங்கியது. கணவர் வெளியே போயிருந்த நேரம். சாப்பாட்டு மேசையை ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பாட்டில்களையும் இரு குவியலாகக் கொட்டினாள். இரண்டும் மஞ்சள். உலகத்துக்கு ஒரே மஞ்சள். அவளுக்கு மட்டும் வேறு. அவளுடையது நல்ல மஞ்சள். அவருடையது ஒரு பொட்டு வெளிறல்.

அவளுக்குக் கை கால் ஓடவில்லை. காக்க வேண்டியவருக்குப் போலி, கூடப் போனவளுக்கு அசல். டாக்டரிடம் சொன்னால் விதி என்பார்கள், இருக்கிறதையும் பிடுங்கிக்கொள்வார்கள். அவரிடம் சொன்னால் சிரிப்பார், பிறகு மாட்டேன் என்பார். ஆகவே யாரிடமும் சொல்லாமல் தன் மாத்திரைகளை அவர் பாட்டிலிலும் அவர் மாத்திரைகளைத் தன் பாட்டிலிலும் போட்டு மூடினாள். புதுப் பாட்டில் வரும்போதெல்லாம் அதே ஜன்னல், அதே வெள்ளைத் துணி. அவர் மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அந்த ஒரு நிமிடம்தான் நாளில் அவள் பயமில்லாமல் இருந்த நேரம்.

அதற்கும் வேட்டு வந்தது. ஒரு காலை அவர் பனியன் மாற்றும்போது தோளிலிருந்து முழங்கைவரை மை கொட்டினதுபோல ஒரு நீலம்.

"ஏங்க, என்ன இது?"

"எது? எங்கயாவது இடிச்சிருக்கும்." சட்டென்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க இடிச்சீங்க?"

"ஞாபகமில்லை. இதுக்கெல்லாம் கணக்கு வெச்சுக்குவாங்களா?"

காரணமில்லாத நீலம். அவள் அடுப்பைப் பற்றவைக்கப் போய்ப் பற்றவைக்காமலே நின்றாள். அடைப்பு வரும் என்று பயந்துதான் அந்த மாத்திரையை மாற்றிக் கொடுத்தாள். இப்போது அதே மாத்திரை அவர் உடம்புக்குள் ரத்தத்தைக் கசியவிடுகிறது. கை இன்றைக்கு என்றால் தலை நாளைக்கு. அவருக்கு என்று எழுதியிருந்தது வெறும் மாத்திரை, ஒரு தீங்கும் செய்யாதது. அதைப் பிடுங்கிவிட்டு இதை ஊட்டியவள் அவள்தான். அவர் காய்கறிப் பையைத் தூக்கினால் பயந்தாள். தும்மினால் பயந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அவளுக்குப் பட்டப்பகலே இருண்டுவிட்டது. சொன்னால் ஆராய்ச்சியிலிருந்து தள்ளிவிடுவார்கள், அவர் முகத்தில் எப்படி விழிப்பது. சொல்லாவிட்டால் முன்னறையில் மறுபடி ஒரு கட்டில்.

கட்டிலை நினைத்ததும் முடிவு செய்துவிட்டாள். பிரஷர் பார்க்க வரச்சொன்னார்கள் என்று பொய் சொல்லி, இரண்டு பாட்டில்களையும் பைக்குள் போட்டு, அவரை இழுத்துக்கொண்டு போனாள். மாடிப்படியில் அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். பயத்தில் மூச்சு வாங்காதா என்ன?

டாக்டர் நாற்காலியைக் காட்டுமுன்பே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் டாக்டர். என் மாத்திரையை அவருக்குக் குடுத்துட்டேன். அவர் மாத்திரையை நான் சாப்பிட்டேன். ஆரம்பத்துல இருந்தே. என்னுது அசல்னு கண்டுபிடிச்சுத்தான் குடுத்தேன். இப்போ அவருக்கு ரத்தம் கசியுது. அவரைப் பாருங்க முதல்ல."

கணவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

டாக்டர் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இது எப்படி வந்தது?"

அவர் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன். சைக்கிளைத் தொடக்கூடாதுன்னு இவ உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை வாங்கிச் சும்மா ஒரு சுத்து போனேன். சொன்னா பயந்துடுவான்னுதான் சொல்லலை."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. போன உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை.

"அசல்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நிறம். அவரோடது வெளிறியிருந்தது."

டாக்டர் இரண்டு மாத்திரைகளை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தாள். "வேற வேற தடவை கலக்கின சாயமா இருக்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் முன்னே பின்னே வரும். இதை வெச்சு அசல் போலி சொல்ல முடியாதும்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரே துணி, இரண்டு தடவை சாயம் போட்டால் இரண்டு நிறம் வரும். அதை அவளே எத்தனை தையல்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள். பயம் வந்த இடத்தில் படித்த பாடம் நிற்கவில்லை.

"உங்க கையைக் காட்டுங்க" என்றாள் டாக்டர்.

"எனக்கு ஒண்ணும் இல்லை டாக்டர். அவரை..."

"காட்டுங்கம்மா."

அவள் எப்போதும் முழுக்கை ரவிக்கைதான். டாக்டர் மெல்ல மேலே சுருட்டினாள். நீலம், அதற்குப் பக்கத்தில் பழுத்துப்போன மஞ்சள், அதற்கு மேலே புதுக் கறுப்பு.

"அலமாரி இடிச்சது" என்றாள் அவள். மற்றதை எது இடித்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரார் சட்டையெல்லாம் திருப்பிப் பார்த்தவள் தன் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஈறில் ரத்தம் உண்டா? உண்டு, புது பிரஷ் முரடு என்று நினைத்தாள். மலம் கறுத்ததா? கொஞ்ச நாளாக. மூச்சு வாங்குகிறதா? வயசு. வயிற்றில் புண் உண்மையிலேயே இருந்ததில்லையா? அவள் முந்தானையைப் பிசைந்தாள். டாக்டர் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

டாக்டர் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் யாருக்கு எது என்று திறந்து சொல்வார்களாம். போனை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஐயாவுக்குன்னு நாங்க குடுத்ததுதான் அசல் மாத்திரைம்மா. உங்களுக்குன்னு குடுத்தது வெறும் மாத்திரை."

அப்படியென்றால் வெளிறியதுதான் அசல். இத்தனை காலம் அதை விழுங்கியவள் அவள். அவருக்கு ஊட்டியது வெறும் மாவு. குருட்டு அதிர்ஷ்டம் அவளுடைய புண்ணுக்கு எது ஆகாதோ அதை அவளுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருந்தது. அவள்தான் தேடிப் போய் எடுத்துக்கொண்டாள்.

"அப்போ இவரோட நல்ல மாத்திரையை நான் பிடுங்கிட்டேனா?" என்று கேட்டாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் கவலை.

"அது நல்லது பண்ணுமா கெட்டது பண்ணுமான்னு எங்களுக்கே தெரியாதும்மா. தெரியாமத்தானே இந்த ஆராய்ச்சியே. இனி ரெண்டு பேரும் மாத்திரையைத் தொடாதீங்க. உங்களுக்கு இப்பவே ரத்தம் எடுக்கணும். நீங்க இன்னிக்கு இங்கேயே தங்கணும். நாளைக்கு வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும்."

கணவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்தார். கம்பியில் தொங்கும்போதுகூட அவர் எதையும் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை.

மறுநாள் காலை. குழாய் விடக் கூப்பிட இன்னும் நேரம் இருந்தது. மருத்துவமனை அறையை ஒட்டியிருந்த குளியலறைக்குள் போனாள். தாழ்ப்பாளைத் தொட்டாள், போடவில்லை. பல் தேய்த்துத் துப்பினாள். தண்ணீரோடு சிவப்பு ஓடியது. நேற்றுவரை அதைப் பார்க்காமலே குழாயைத் திறந்துவிட்டவள், இன்று அது ஓடி முடிகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயை மூடினாள். இத்தனை வருடம் அவருக்காகவே பயந்ததில், தனக்காகப் பயப்படுவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" கதவுக்கு வெளியே அவர் குரல். அந்தக் குரல் அப்படி மெலிந்து அவள் கேட்டதே இல்லை.

"பல்லு தேய்க்கிறேங்க."

"தேய்க்கிற சத்தம் கேக்கலையே."

அவள் அங்கிருந்த குவளையை எடுத்துக் குழாயில் தட்டினாள்.

"கேக்குதா?"

"கேக்குது" என்றார் அவர். "தட்டிக்கிட்டே இரு."