இடது சக்கரத்துச் சத்தமும் குற்றாலச் சாரலும்

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில் கோவில்பட்டியை விட்டுக் கிளம்பினோம். பிக்கப் வண்டியின் பின்னால் டின் டின்னாகக் கடலைமிட்டாய். முன்னால் நானும் இவரும். குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டதால் கடைக்காரர்கள் மிட்டாய் கேட்டு ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்கள். கழுகுமலை, சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று ஐம்பத்தைந்து மைல் வழி. சரக்கு வண்டியில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்த வண்டிக்கு அதுதான் கடைசி நடை. போகிற வண்டியில் மருமகளும் ஒருதரம் அருவியில் தலையை நனைத்துவிட்டு வரட்டும் என்று மாமனார் பெரிய மனது பண்ணியிருந்தார்.

வண்டி முன்பு செங்கோட்டைக்கு மேற்கே மலையில் ஒரு தோட்டத்தில் ஓடியது. அவர்கள் கழித்துவிட்டதை இவர் ஏலத்தில் எடுத்தார். தோட்டத்தில் ஓடியவரை சிறு முனகல்கூடக் கிடையாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு வந்த ஒரு மாதத்தில் முன்பக்கத்து இடது சக்கரத்துக்கு மேலே ‘டொக்’ என்று ஒரு சத்தம் பிறந்தது. பள்ளத்தில் இறங்கினால் ஒன்று, ஏறினால் ஒன்று, பிரேக்கை மிதித்தால் கூடுதலாக ஒன்று. எங்கள் ஊர் மெக்கானிக்குகள் மூன்று பேர் பார்த்தார்கள். சக்கரம் திரும்புகிற இடத்தில் கிங் பின்னை மாற்றினார்கள், ஸ்பிரிங் பட்டைகளின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ்களை மாற்றினார்கள். பட்டைகளை ஆக்ஸிலோடு சேர்த்துக் கட்டியிருக்கும் யூ போல்ட்டுகளில் ஸ்பேனர் போட்டும் பார்த்தார்கள். நட்டு இம்மியும் அசையவில்லை, முறுக்கமாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். சத்தம் தன் பாட்டுக்கு இருந்தது.

வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிறவர்கள் பயந்துபோய் ஒவ்வொருவராக விலகினார்கள். சக்கரம் எங்கே கழன்று ஓடுமோ என்ற பயம் அவர்களுக்கு. மாமனார் ஒரு முடிவுக்கு வந்தார். தென்காசியில் பழைய இரும்பு வாங்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கே ரயில்வே கேட் பக்கம் அவர் வந்து பார்த்து வண்டியை எடுத்துக்கொள்ள வேண்டியது, மகன் திரும்பவும் மாமனாரின் எண்ணெய்க்கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார வேண்டியது. கல்யாணமான முதல் வருஷம் இவரை அந்தத் தராசுக்குப் பின்னால் நான் பார்த்திருக்கிறேன். ஒரு செம்பு எண்ணெய் ஊற்றுவதற்குள் மாமனாரிடம் பத்து வசவு வாங்குவார். ராத்திரி என்னிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். வண்டி வந்த பிறகுதான் எனக்கு வாய் பேசும் புருஷன் கிடைத்தார். அவரைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசில்லை.

சங்கரன்கோவிலில் டீ குடிக்க நின்றோம். டீ பத்து நயா பைசா, ஆலோசனை இலவசம். டீக்கடைக்காரர் வண்டியைச் சுற்றி வந்து, “அண்ணாச்சி, முன்னால என்னமோ ஆடுதே” என்றார். வழியில் எங்களுக்கு இதைச் சொல்லாத ஆளே கிடையாது. புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னார். கடையநல்லூரில் தெருத் தெருவாகத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒரு ஊரில்தான் எங்கள் சத்தம் யார் காதிலும் விழவில்லை. இவர் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார்.

தென்காசியில் வெயில், ஆனால் ஆளைத் தள்ளும் காற்று. பிளந்து நின்ற கோயில் கோபுரத்தைக் கடந்து மேற்கே திரும்பினால் குற்றாலம் நாலு மைல்தான். பாதி வழியில் வெயில் காணாமல் போயிற்று. மழை என்று சொல்லமுடியாது, மழை இல்லை என்றும் சொல்லமுடியாது. தண்ணீர் பொடிப்பொடியாகக் காற்றிலேயே நிற்கிறது. எங்கள் கரிசல் காட்டில் மழை வந்தால் ஊரே வெளியே வந்து பார்க்கும். இங்கே அதற்குள்ளேயே நின்று வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரக்கை இறக்கிவிட்டு, சந்நிதித் தெருவில் ஓர் அறை எடுத்தோம். பேரருவியில் பெண்கள் பக்கம் போய்த் தலையைக் கொடுத்தேன். முதுகில் நூறு பேர் சேர்ந்து கும்முகிற மாதிரி இருந்தது. வெளியே வந்தபோது என் பேரே மறந்துபோயிருந்தது என்றால் நம்ப வேண்டும். ஆண்கள் பக்கம் உடம்பெல்லாம் எண்ணெயோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இவர் எண்ணெய் வேண்டாம் என்றுவிட்டார். கடை ஞாபகம் வந்திருக்கும்.

புதன்கிழமை காலையில் ஐந்தருவிக்குப் போனோம். வண்டி ராத்திரி முழுவதும் சாரலில் நனைந்து நின்றிருந்தது. சாலை நெடுகப் பள்ளம். நாலைந்து பள்ளம் தாண்டிய பிறகுதான் எனக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது.

“என்னங்க, சத்தம்…” என்றேன்.

“சும்மா இருட்டி. கண்ணு பட்டுரும்” என்றார் இவர்.

வேண்டுமென்றே ஒரு பெரிய பள்ளத்தில் இறக்கினார். ஒன்றுமில்லை. அருவியைப் பார்த்தோமா என்றுகூட எனக்கு நினைவில்லை. நேரே தென்காசிக்கு விட்டோம். அங்கே ரயில்வே கேட் பக்கம் மைதீன் அண்ணாச்சியின் ஒர்க்‌ஷாப். கடைசியாக அவரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று இவர் ஊரிலேயே நினைத்து வைத்திருந்தார். வெள்ளைப் பனியன் போட்டு, கைலி கட்டிய, வாய் ஓயாத மனிதர். வண்டியை ஓட்டிப் பார்த்தார், கீழே படுத்துப் பார்த்தார், சக்கரத்தைப் பிடித்து உலுக்கினார்.

“காய்ச்சல் விட்டுப் போன ஆளக் கூட்டிட்டு வந்து ஊசி போடச் சொல்லுதிய. நான் எங்கன போடட்டும்?” என்றார். “வண்டி இங்கனயே நிக்கட்டும். நாளைக்குப் பாப்போம்.”

பஸ் ஏறிக் குற்றாலத்துக்குத் திரும்பினோம். வியாழக்கிழமை சாயங்காலம் மறுபடி தென்காசிக்குப் போனால், ஒர்க்‌ஷாப் வாசலிலேயே தெரிந்துவிட்டது. மைதீன் அண்ணாச்சி எங்களைக் கண்டதும் கையை விரித்தார். ஒன்றரை நாள் வெயிலும் காற்றும் பட்டு நின்ற வண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ‘டொக் டொக்’ என்றது. அவர் விடவில்லை. இவரை ஓட்டச் சொல்லி, தான் மட்கார்டில் ஏறித் தொற்றிக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார். இடது ஸ்பிரிங் பக்கம்தான், சந்தேகமில்லை என்றார். ரப்பர் புஷ் காய்ந்து போயிருந்தால் தண்ணீர் பட்டதும் அடங்கும் என்று ஒரு வாளித் தண்ணீரை அதன் தலையில் ஊற்றினார். திரும்ப ஓட்டினோம். சத்தம் அடங்கவில்லை.

“அப்ப புஷ் இல்ல” என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். “காலைல கொண்டாங்க அண்ணாச்சி. எனக்கே இப்ப ரோசம் வந்துட்டு.”

அன்று குற்றாலத்துக்கு டொக் டொக் என்றே போய்ச் சேர்ந்தோம். இவர் சாப்பிடவில்லை. “நாளைக்கு மத்தியானம் குடுத்துட்டுப் பஸ்ல போயிருவோம்” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதைத் தராசுக்குப் பின்னால் கேட்ட குரலில் சொன்னார். வெளியே வண்டி சாரலில் நனைந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை. குளிக்கப் போகலாம் என்று அறைக் கதவைச் சாத்தப் பார்த்தேன். வந்த நாளிலிருந்தே அது என்னிடம் வம்பு பண்ணிக்கொண்டுதான் இருந்தது. அன்று நிலையில் மாட்டிக்கொண்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. வீட்டுக்கார அம்மா வந்து இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்தினாள்.

“சாரலுக்கு ஊதிக்கிடும், தாயீ. வெயில் வந்துட்டுன்னா லொட லொடன்னு தானா ஆடும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் படி இறங்கிப் போய்விட்டாள். நான் மாற்றுச் சேலையும் சோப்புமாக அங்கேயே நின்றேன். ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்காத சத்தம், ஒரு ராத்திரிச் சாரலுக்கு அடங்குகிறது. வெயிலில் நின்றால் திரும்ப வருகிறது. இரும்பு அப்படிச் செய்யாது. ரப்பரும் செய்யாது. ஊறுவதற்கும் காய்வதற்கும் இப்படிச் சாவகாசமாக நேரம் எடுத்துக்கொள்கிற பொருள் எனக்குத் தெரிந்து ஒன்றுதான்.

“என்னங்க, அந்த ஸ்பிரிங்கில எங்கேயோ மரம் இருக்கு” என்றேன்.

இவர் சிரித்தார். அந்த வாரத்தில் முதல் சிரிப்பு. பிறகு கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சட்டையை மாட்டிக்கொண்டார். வண்டியைக் கிளப்பி முதல் பள்ளத்தில் இறக்கினோம். சத்தமில்லை. அருவி கிடக்கட்டும் என்று அப்படியே தென்காசிக்கு.

மைதீன் அண்ணாச்சியிடம் சொன்னதும் அவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். “ஸ்பிரிங்கில மரமா? கட்டிலா தங்கச்சி அது?”

“கட்டில் செஞ்சவரு கை வச்சிருக்காருன்னு வச்சுக்கிடுங்க. ஒரே ஒரு தடவ சுரண்டிப் பாருங்க, அண்ணாச்சி. இல்லேன்னா நான் வாயத் திறக்கல” என்றேன்.

நான் வாயைத் திறக்காமல் இருப்பதாகச் சொன்னதும் இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரோடு கீழே போனார். நானும் மண்ணில் கையூன்றிக் குனிந்து பார்த்தேன். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில், பக்கத்துக்கு ஒன்றாக, கிரீஸும் மண்ணும் ஏறிக் கறுத்த ஒரு கனத்த துண்டு. வலது பக்கத்துத் துண்டைச் சுரண்டினார். கிரீச்சென்ற இரும்புச் சத்தத்தில் பல் கூசியது. இடது பக்கத்தைச் சுரண்டினார். சத்தமே வரவில்லை. அழுத்தினார். முனை உள்ளே இறங்கியது. நெம்பி எடுத்தபோது அதன் நுனியில் நகக்கண் அளவுக்கு ஈரமான சிராய் ஒன்று.

அதை விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு அண்ணாச்சி படுத்தவாறே சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்த சிரிப்பில் வயிறு எழும்பி எழும்பி ஸ்பிரிங்கில் முட்டியது.

“மரந்தான், அண்ணாச்சி. நல்ல மலை மரம். எவனோ தோட்டத்துக்காரன் வண்டி ஒரு பக்கமாச் சாயுதுன்னு பட்டைக்கு அடியில தலகாணி வச்சிருக்கான்” என்றார் இவரிடம். என்னிடம், “வேற எங்கேயாவது மரம் இருக்கா, இப்பவே சொல்லிருங்க, தங்கச்சி” என்றார்.

தோட்டக்காரர்கள் பொய் சொல்லவில்லை. அந்த மலையில் வருஷம் முழுவதும் ஈரம். மரம் ஊதி, கட்டு இறுகி, வண்டி வாய்பேசாமல் ஓடியிருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில் அது சுருங்கியதும் கட்டு தளர்ந்து ஸ்பிரிங் ஆடத் தொடங்கியிருக்கிறது. யூ போல்ட் நட்டு அசையாததற்குக் காரணம் முறுக்கம் இல்லை, துரு. அதை உளி வைத்து வெட்டித்தான் எடுத்தார்கள். பட்டைகளை நடுவில் பிடித்திருந்த போல்ட் பாதி தேய்ந்திருந்தது; அதுவும் அறுந்திருந்தால் ஓடுகிற ஓட்டத்தில் சக்கரம் விலகியிருக்கும். அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது மட்டும் மூன்று பேருமே சிரிக்கவில்லை. பக்கத்துக் கொல்லுப் பட்டறையில் மரத்துண்டின் அளவுக்கே இரும்புப் பாளம் வெட்டி வாங்கி, புது யூ போல்ட் போட்டு, இவரும் அண்ணாச்சியும் மாறி மாறி முறுக்கினார்கள். நான் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொன்னேன். யாரும் என்னை மறுத்துப் பேசவில்லை.

கடைசி நட்டு முடியும் நேரத்துக்குச் சரியாக இரும்புக் கடைக்காரர் குடை பிடித்துக்கொண்டு வந்தார். “கோவில்பட்டி வண்டிதான? எடுத்துக்கிடலாமா?”

இவர் கையைத் துடைத்துக்கொண்டு, “ஏறுங்க, அண்ணாச்சி” என்று முன்கதவைத் திறந்துவிட்டார். ரயில்வே கேட்டின் தண்டவாளங்களை நாலு தடவை தாண்டினார்கள். நான் ஒர்க்‌ஷாப் வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எஞ்சின் உறுமியது, பலகை அதிர்ந்தது. வேறொன்றும் இல்லை. திரும்பி வந்து இறங்கிய பெரியவர், “இதக் குடுக்க எவனுக்கு மனசு வரும்?” என்றார் பெருந்தன்மையாக.

“வெறுங்கையோட போகாதீங்க, அண்ணாச்சி” என்று துருப்பிடித்த யூ போல்ட்டுகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன். மைதீன் அண்ணாச்சி சிரிப்புத் தாங்காமல் மறுபடி வாளிமேல் உட்கார்ந்துவிட்டார்.

சனிக்கிழமை ஊருக்குத் திரும்பினோம். சங்கரன்கோவில் தாண்டினால் பச்சை முடிந்துவிடுகிறது. கறுப்பு மண்ணும் கருவேலமும்தான். எங்கள் ஊரில் ஈரம் கிடையாது, அதனால் அந்தச் சத்தத்துக்கு ஓய்வும் கிடையாது. ஓயாத சத்தத்தில் மெக்கானிக்குகள் எந்த நுனியைப் பிடிப்பார்கள்? குற்றாலத்தில் ஒருநாள் அது வாயை மூடிக்கொண்டதால்தான் எங்களிடம் மாட்டியது. எங்கள் மண்ணை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாரலுக்கு ஒரு கும்பிடு போட்டேன். குளிக்கக் கொடுத்த தண்ணீரைவிட, வெளியே நிறுத்திய வண்டியில் விழுந்த தண்ணீர்தான் எங்களுக்கு உபயோகப்பட்டது.

எங்கள் தெருவில் மூன்று பள்ளம் உண்டு. மூன்றையும் தாண்டிக் கடை வாசலில் நின்றோம். மாமனார் முதுகைக் காட்டிக்கொண்டு எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். எங்கள் செருப்புச் சத்தம் கேட்டுத்தான் பேசினார், திரும்பவில்லை.

“வந்தாச்சா? பஸ்ஸு கூட்டமோ?”

இவர் திரும்ப வண்டிக்குப் போய் ஹாரனை அழுத்தினார். மாமனார் செம்பைக் கையில் பிடித்தபடியே வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி வந்தார். இடது சக்கரத்துக்கு முன்னால் நின்று குனிந்து பார்த்தார். தெருப் பள்ளங்களைப் பார்த்தார்.

“சத்தத்த எங்கல?” என்றார் மகனிடம்.

“குத்தாலத்துலயே விட்டுட்டு வந்துட்டோம், மாமா” என்றேன் நான்.

மாமனார் உள்ளே திரும்பினார். செம்பைக் கடைக்குள் கொண்டுபோய் வைத்தார். தராசுக்குப் பின்னால் மகனுக்காகத் துடைத்துப் போட்டிருந்த நாற்காலியை எடுத்து, அதில் தானே உட்கார்ந்துகொண்டார்.