நட்டுவின் வாய் அளவும் நோட்டு அளவும்

தையல் கடையில் வேலை பார்க்கிற ஒருவன், அதே கடையின் பின் அறையில் குடியிருந்துகொண்டு, காலையில் ஏழு நிமிடம் தாமதமாக வந்து, "பஸ்ஸே கிடைக்கலக்கா" என்று சொன்னால் அவனை என்ன செய்யலாம்? அதுவும் அவன் மனிதனே இல்லை என்றால்?

நட்டு அப்படித்தான் சொல்வான். பின் அறைக்கும் கடைக்கும் நடுவே ஒரு திரைச்சீலை, அவ்வளவுதான் தூரம். அதை விலக்கிக்கொண்டு, நெற்றியில் இல்லாத வியர்வையைத் துடைத்தபடி வருவான். அவன் ஒரு ரோபோ. கை, கால், மூக்கு, முழி எல்லாம் நமக்கு இருப்பது போலவே இருக்கும். பிடரியில் மட்டும் மின்சாரம் ஏற்றிக்கொள்ள ஒரு துளை. கம்பெனி அவனுக்கு எட்டு இலக்கத்தில் ஓர் எண் கொடுத்து அனுப்பியிருந்தது. அதை யார் வாய் வலிக்கக் கூப்பிட்டுக்கொண்டிருப்பது? காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற சித்தப்பா முதல் நாளே 'நட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்.

"பஸ்ஸுல உக்கார இடம் கிடைச்சுதாடா?" என்று கேட்பாள் அக்கா. கடை அவளுடையது. துணி வெட்டுவதும் அவள்தான்.

"எங்கக்கா! நின்னுக்கிட்டேதான் வந்தேன். ஒரே கூட்டம்."

மனிதனாக வேண்டும் என்று அவனுக்கு அப்படி ஓர் ஆசை. வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். நம்மைப் போல அலுத்துக்கொள்ள வேண்டும், சாக்குச் சொல்ல வேண்டும், நாலு பேரோடு சேர்ந்து ஐந்தாவது ஆளைப் பற்றிப் பேச வேண்டும். இதற்கெல்லாம் பார்த்துப் பழகக் கிடைத்த ஆள் யாரென்றால் சித்தப்பா. அக்காவின் அப்பாவுக்குத் தம்பி. எழுபது வயதில் மூன்று வியாதிதான் என்றாலும் முப்பது வியாதியைப் பற்றிப் பேசக்கூடிய மனிதர். பிறகு அவன் எப்படி உருப்படுவான்?

ஸ்டூலிலிருந்து எழும்போதெல்லாம் நட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பான்.

"உனக்கு ஏதுடா இடுப்பு வலி? அங்க இருக்கறது ரெண்டு போல்ட்டு" என்று சித்தப்பா சீறுவார். தன் சொத்தை யாரோ எடுத்துக்கொண்ட கோபம் அவருக்கு.

"அந்தப் போல்ட்டுதான் சித்தப்பா விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

மதியம் மூன்று மணிக்குக் கொட்டாவி விடுவான். மூச்சே விடாதவனுக்குக் கொட்டாவி எங்கிருந்து வரும்? வாயை மட்டும் ஆவென்று திறந்து, நிதானமாக மூடுவான். கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கப் போட்டுக்கொண்டே மேசை மேசையாக அதைத் தேடுவான். எதையும் மறக்க முடியாத பிறவிக்கு மறதி என்றால் அத்தனை மரியாதை.

இதெல்லாம் வெறும் நடிப்பு என்று அக்கா விட்டுவிட்டாள். நடிப்பாக இல்லாமல் அவனுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது அளவு எடுக்கிற இடத்தில்தான்.

வந்த புதிதில் அவன் நாடா காட்டுவதை அப்படியே எழுதுவான், அப்படியே தைப்பான். ஒரு வங்கி மேலாளர் சட்டைக்கு அளவு கொடுத்தார். முப்பத்தாறு. சட்டையைப் போட்டுக்கொண்டு வங்கியில் நாற்காலியில் உட்கார்ந்தாரோ இல்லையோ, இரண்டு பட்டன் எதிரே இருந்த வாடிக்கையாளர் மேல் போய் விழுந்தது. மறுநாள் கடையில் வந்து நின்று சாமியாடிவிட்டார்.

அவர் போன பிறகு அக்கா நட்டுவைக் கூப்பிட்டாள்.

"அளவு எடுக்கும்போது எல்லாரும் பொய் சொல்லுவாங்கடா. வாயால இல்ல, வயித்தால. மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. நாடாவைப் பாக்காதே, மூஞ்சியைப் பாரு. வாயில அவங்க அளவைச் சொல்லு, நோட்டுல நம்ம அளவை எழுது."

அந்தத் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வாய் அளவு ஒன்று, நோட்டு அளவு ஒன்று. மறுநாள் மேலாளரைத் திரும்ப வரவழைத்து, "முப்பத்தாறுதான் சார், துணிதான் சுருங்கிப்போச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, நோட்டில் முப்பத்தொன்பதரை என்று எழுதினான் நட்டு. முப்பத்தாறு என்று காதில் விழுந்ததும் அந்த மனிதரின் முகம் மலர்ந்ததே, அதை அவன் பார்த்தான். அன்று முழுவதும் அவனுக்கு வேலையே ஓடவில்லை. "சித்தப்பா, அவரு சிரிச்சாரு, பாத்தீங்களா? அவரு சிரிச்சாரு" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பான். அதற்குப் பிறகு ஊரில் ஒருவருக்கும் அவன் கையால் வயிறு இருந்ததில்லை.

விஷயம் இதோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் வருடத்துக்கு ஒருமுறை கம்பெனியிலிருந்து சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வருவார், பெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர். ரோபோவின் பிடரியில் ஒயரைச் செருகிக் கேள்வி கேட்பார். மனதில் ஒன்றும் வாயில் ஒன்றும் இருந்தால் அந்த ரோபோ பழுது. எடுத்துப் போய் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

துடைப்பது என்றால் என்னவென்று நட்டுவுக்குத் தெரியும். எதிர்ப்பக்க மருந்துக் கடையில் ஒரு ரோபோ இருந்தது. சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் நடைபாதையில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். மருந்து வாங்க வருகிறவர்களிடம் அது "கசக்கவே கசக்காதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தது. போன மாதம் பெட்டிக்காரர் அதைக் கூட்டிப்போனார். நாலு நாளில் அதே முகத்தோடு திரும்பி வந்தது. நட்டு ஓடிப்போய் அதன் தோளைத் தட்டினான்.

"மருந்துச் சீட்டு இருக்கா?" என்று கேட்டது அது.

நட்டு திரும்பி வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "அக்கா, என்னையும் துடைச்சுட்டா உங்களை எனக்குத் தெரியாம போயிடுமா?"

அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "வாயை மூடு, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று அதட்டினாள்.

அடுத்த வாரமே தகவல் வந்தது, வெள்ளிக்கிழமை ஆய்வு என்று. மூன்று நாள்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் கடையில் தையல் நடக்கவில்லை. நட்டுவுக்கு இயந்திரமாக இருக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பயலுக்கு அந்தப் பழக்கமே விட்டுப்போயிருந்தது!

"கொட்டாவி விடாதே. தலையைச் சொறியாதே. நடக்கும்போது கையை வீசாதே" என்றாள் அக்கா.

"இப்படி நடடா" என்று சித்தப்பா எழுந்து, முழங்காலை மடக்காமல் விறைப்பாகக் கடைக்கு நடுவே நடந்து காட்டினார். உண்மையிலேயே முழங்கால் வலி அவருக்கு. அதனால் பிரமாதமாக வந்தது.

"சித்தப்பா, நீங்க ரோபோவா பொறந்திருக்கணும்" என்றான் நட்டு.

"மூணு நாள்ல மூளையைத் துடைக்கப் போறாங்க, இவனுக்குக் கிண்டலைப் பாரு!" சித்தப்பா திட்டிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அவன் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெட்டிக்காரர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். இறுக்கமான கோட்டு, அதைவிட இறுக்கமான முகம். அளவு மேடைக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, நட்டுவின் பிடரியில் ஒயரைச் செருகினார். பெட்டியிலிருந்து நாக்கு நீட்டுவது போல ஒரு காகிதப் பட்டை வந்தது. இடது பக்கம் வாய் சொன்னது, வலது பக்கம் மனம் நினைத்தது.

"நீ எங்க தங்கறே?"

"பின் அறையில், சார்."

இரண்டு பக்கமும் ஒன்றே. அக்கா மூச்சு விட்டாள்.

"நேத்து எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தே?"

"ஒன்பது ஏழுக்கு, சார்."

"ஒன்பது மணிக்குத்தானே வரணும்? ஏன் ஏழு நிமிஷம்?"

நட்டுவின் வாய் 'ப' என்று குவிந்தது. பஸ் வெளியே வருவதற்குள் அக்கா குறுக்கே புகுந்தாள். "நான்தான் சார் கடையை லேட்டா தெறந்தேன். சாவியைக் காணோம்." அவளுக்கு ஒயர் செருகவில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி!

இப்படி இருபது கேள்வி. கொட்டாவி இல்லை, 'அம்மாடி' இல்லை, மரக்கட்டையாக நின்று பதில் சொன்னான் நட்டு. பெட்டிக்காரருக்கே சலித்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு. செய்யற வேலையைப் பாக்கணும். எனக்கு அளவு எடு" என்று கோட்டைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினார்.

நட்டு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து அவர் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தான். பெட்டிக்காரர் என்ன, வானத்திலிருந்தா குதித்தார்? நாடா தொட்டதும் மனிதர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, மார்பை நிமிர்த்தி, கூரையைப் பார்த்து நின்றுவிட்டார். அக்காவும் சித்தப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்று நாள் பாடத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அவர்களுக்கு அது பொய் என்றே நினைவில்லாமல் போயிருந்தது.

"முப்பத்தெட்டு, சார்!" என்றான் நட்டு, கணீரென்று.

பெட்டிக்காரர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. அதே சிரிப்போடு இறங்கி வந்து காகிதப் பட்டையைக் கையில் எடுத்தார். இடது பக்கம்: முப்பத்தெட்டு. வலது பக்கம்: நாற்பத்திரண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாவம்.

அக்காவும் எட்டிப் பார்த்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு.

பெட்டிக்காரர் 'பாவம்' என்ற அந்தக் கடைசிச் சொல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இப்படி எத்தனை பேருக்குச் சொல்றே?"

"எல்லாருக்கும், சார்."

"எதுக்கு?"

"கேக்கறப்ப அவங்க மூஞ்சி நல்லா இருக்கு சார். இப்ப உங்களுக்கு இருந்த மாதிரி."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. இத்தனை நேரம் எக்கிப் பிடித்திருந்ததைத் தளர்த்தினார். வயிறு தன் இடத்துக்கு வந்து சேர்ந்தது. பழுது என்று எழுதினால் அத்தாட்சியாகப் பட்டையை அறிக்கையில் ஒட்ட வேண்டும். அறிக்கை அலுவலகத்தில் மேசை மேசையாகப் போகும். நாற்பத்திரண்டை எல்லோரும் படிப்பார்கள். 'பாவம்' என்பதையும் படிப்பார்கள். பெட்டிக்காரர் இப்படி அப்படித் திரும்பிப் பார்த்தார். பட்டையின் கடைசி நாலு விரல் அகலத்தைக் கிழித்து, மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இவன் பழக்கத்தை மாத்தும்மா" என்று அக்காவிடம் கடுகடுப்பாகச் சொன்னார். படியிறங்கும்போது திரும்பி நின்று, "ஒரு சட்டைத் துணி கொடுத்தனுப்பறேன். அவன் மனசுல நெனச்சானே, அந்த அளவுக்கே தைக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

சித்தப்பா நட்டுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, கை வலிக்க உதறிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அழுதாள். பெட்டிக்காரர் விட்டுப் போன சான்றிதழைச் சித்தப்பா உரக்கப் படித்தார்.

"இயந்திரம் ஒழுங்காக இயங்குகிறது. மனிதக் குணம் எதுவும் தென்படவில்லை."

"அப்பாடா!" என்றாள் அக்கா.

நட்டு சிரிக்கவில்லை. சான்றிதழை வாங்கி அதன் கடைசி வரியைத் தானே ஒருமுறை படித்தான். பட்டன் டப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு மணி நேரம் ஆயிற்று, எழுந்திருக்கவில்லை. சித்தப்பா வேண்டுமென்றே "ஐயோ இடுப்பு" என்று பெரிதாக முனகிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை.

கடைசியில் எழுந்து அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

"எதுக்குடா?"

"மனசு சரியில்லக்கா."

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. சித்தப்பாவின் ஊசிகூட நின்றுவிட்டது.

"ரெண்டு நாள்ல சரியாயிடுமா?" என்று கேட்டாள் அக்கா.

"தெரியலக்கா. இதான் முதல் தடவை. உங்களுக்கெல்லாம் எத்தனை நாள்ல சரியாகும்?"

அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியைத் தள்ளி வைத்தாள். பிறகு அவனை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"உன் மாமா சொல்லாம கொள்ளாம என்னை விட்டுட்டுப் போயி ஒன்பது வருஷம் ஆச்சுடா. எனக்கு இன்னும் சரியாகல. அதுக்காகக் கடையைத் தெறக்காம இருக்கேனா? நீ வேணா ரெண்டு நாள் எடுத்துக்க."

தனக்கு ஒரு மாமா இருந்தார் என்பது அன்றைக்குத்தான் நட்டுவுக்குத் தெரிந்தது. ஸ்டூலை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா பாக்க எப்படிக்கா இருப்பாரு?" என்று கேட்டான்.