எழுதிக் குடுங்க சார்

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று என் பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் சொன்னவர் என் பெரியப்பா. அப்படி ஒரு கல்யாணம் இருப்பது எனக்கே தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. சென்னையில் தொலைக்காட்சி நிலையத்தில் நான் ஒலிப்பதிவாளராக இருந்தேன். கடல் கடந்து போன தமிழர்களைப் பற்றி ஒரு தொடர் எடுக்க முடிவாகி, முதல் பயணம் மலேசியா என்றார்கள். தயாரிப்பாளர், கேமராமேன், நான். என் சொந்த முகவரி கம்பம் என்பதால் விசாரணை ஊருக்குப் போனது. அம்மா அந்த நேரம் திராட்சைத் தோட்டத்தில் கொடி கவாத்து வெட்டும் வேலையில் இருந்தாள். வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்த போலீஸ்காரர் பக்கத்து வீட்டுப் பெரியப்பாவைக் கேட்டிருக்கிறார். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று, குடும்பத்தில் யாருக்கும் வெளிநாடு அனுப்ப இஷ்டமில்லை என்று அவர் சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விஷயங்களில் முடிவு சொல்லும் உரிமை தனக்கு வந்துவிட்டதாகப் பெரியப்பா நினைத்தார். நான் சென்னைக்குப் போய் ஒலிப்பதிவு டிப்ளமோ படிக்கச் சேர்ந்தபோது அவர் மூன்று மாதம் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. இத்தனைக்கும் நான் பார்க்கிற வேலை என்னவென்று அவருக்கும் தெரியாது, ஊரில் யாருக்கும் தெரியாது. சென்னை ஒளிபரப்பு அப்போது எங்கள் பள்ளத்தாக்கை எட்டவில்லை. மாடியில் உயரமாக ஆன்டெனா கட்டிய ஒன்றிரண்டு வீடுகளில், காற்று நன்றாக இருந்தால் இலங்கை டி.வி. படம் புள்ளி புள்ளியாக விழும். யாரும் கண்ணால் பார்க்காத ஒரு வேலைக்காக என்னை எல்லோரும் கெட்டுப்போனவள் என்றார்கள்.

விஷயம் தெரிந்ததும் லீவு போட்டு ஊருக்குப் போனேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றாள். முகம்கூடக் கழுவவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் வயதில் சின்னவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, வயசுப் பொண்ணு. ரெண்டு ஆம்பளைகளோட வெளிநாடு போறது. வீட்டுப் பெரியவர் வேண்டாங்கிறார். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களைத்தான கேப்பாங்க?"

அம்மா உட்காரவில்லை.

"நான் ஏலக்கா எடுக்க மலைக்குப் போனப்ப எனக்கு இவ வயசுகூட இல்லைய்யா. கம்பம்மெட்டுக்கு அங்கிட்டு, கேரளாவுக்குள்ள. ஜீப்புல ஆட்டுக்குட்டியக் கணக்கா அடைச்சுக் கூட்டிட்டுப் போனாக. அங்கன சாக்கு விரிச்சுப் படுத்தோம். சுத்தி பூராம் ஆம்பளைக. அப்ப எந்தப் பெரியவரு வந்து வேணாம்னு சொன்னாக? எந்த போலீசு வந்து விசாரிச்சாக?"

அவர் மேசையிலிருந்த விசாரணைத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"கூலிக்குப் போனா பொம்பளப்பிள்ளையில்ல. உத்தியோகத்துக்குப் போனா மட்டும் பொம்பளப்பிள்ளையாக்கும்?" என்றாள் அம்மா. "இவளுக்கு நான் ஒரு மாப்பிள்ளையும் பாக்கல. பாத்தா உங்களுக்குப் பத்திரிகை வைக்கிறேன். இப்ப அதுல நல்லபடியா எழுதி அனுப்புங்க."

அவர் எழுதி அனுப்பினார். திரும்பி வரும்போது பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே, தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏ ஆத்தா, அந்த ஊருல மழை நெறையாப் பெய்யுமாம்ல, கொடை எடுத்துக்க" என்றாள்.

ஊரில் அடைத்த கதவு திறந்ததும் ஆபீசில் ஒரு கதவு அடைத்துக்கொண்டது. எங்கள் உதவி இயக்குநருக்குத் திடீரென்று என் உடம்பைப் பற்றிக் கவலை வந்துவிட்டது. கேமராவில் வரும் படமும் மைக்கில் வரும் சத்தமும் போய்ச் சேருகிற ரெக்கார்டர் மெஷினை அந்த நாளில் ஒலிப்பதிவாளர்தான் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அதிலிருந்து கேமராவுக்கு ஒரு கேபிள் ஓடும். கேமராமேன் ஓடினால் நானும் ஓட வேண்டும், அவர் மரத்தில் ஏறினால் நான் மரத்தடியில் நிற்க வேண்டும். அரிசி மூட்டையைத் தோளில் தொங்கவிட்ட மாதிரி கனக்கும் அந்த மெஷின்.

"ரப்பர் தோட்டமெல்லாம் மேடும் பள்ளமுமா இருக்கும். வெயில் வேற. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஒரு ஆண் ரெக்கார்டிஸ்ட்டை அனுப்பலாம்னு இருக்கேன்" என்றார் உதவி இயக்குநர்.

சாமான் அறைக்குப் போய் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் அறைக்குத் திரும்பி வந்தேன். "சொல்லுங்க சார்" என்றேன். அவர் சொன்னார். தட்பவெப்பம், சாப்பாடு, குளியலறை வசதி, என் எதிர்காலம், என் அம்மாவின் மனது. ஒவ்வொன்றுக்கும் "சரி சார்" என்றேன், மெஷினை இறக்கவில்லை. நடுவில் ஒருமுறை, "அதைக் கீழ வையேன்மா" என்றார். "பரவாயில்ல சார், நீங்க பேசி முடிங்க" என்றேன். தோள்பட்டை எரிந்தது. முகத்தில் காட்டினால் தோற்றுப்போவேன் என்று தெரியும். கடைசியில் அவருக்குத்தான் களைப்பு வந்தது. பட்டியலில் என் பெயரை அடிக்காமல் அனுப்பினார்.

மலேசியாவில் இறங்கிய அன்று முதல், எங்களைச் சந்தித்தவர்கள் எல்லோரும் தயாரிப்பாளரிடமும் கேமராமேனிடமும் கைகுலுக்கிவிட்டு என்னிடம், "நீங்க அறிவிப்பாளரா?" என்று கேட்டார்கள். மெஷின் தோளில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்கள். சமையலுக்கு வந்தவளா என்றுகூட ஒருவர் கேட்டார். கேமராமேன் வயதில் மூத்தவர், அதிகம் பேசாதவர். "இவுங்க இல்லைன்னா நம்ம படம் ஊமைப்படம்" என்று அவர்தான் ஒவ்வொரு இடத்திலும் சொல்லிவைத்தார்.

நகரங்களில் கோயில், பள்ளிக்கூடம், கடைத்தெரு எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போனோம். வரிசையாக மரங்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சின்னக் கோப்பை கட்டியிருந்தது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு அன்று சுண்ணாம்பு அடித்திருந்தார்கள், ஈரம் காயவில்லை. வாசலில் புதிதாக ஒரு தண்ணீர்க் குழாய். தோட்ட அலுவலகத்து கிளார்க், அவரும் தமிழர்தான், காலையிலிருந்து எங்களுடனேயே நடந்தார். பேட்டி கொடுக்க ஒரு பெண்மணியை அவரே கூட்டி வந்து நிறுத்தினார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், என் அம்மாவைவிடக் கொஞ்சம் இளையவர். அம்மாவுடையது போலவே அவர் விரல் இடுக்குகளும் கறுத்து வெடித்திருந்தன.

"இங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது?" என்று தயாரிப்பாளர் கேட்டார்.

"நல்லா இருக்குங்க. எல்லா வசதியும் செஞ்சு கொடுத்திருக்காங்க."

சொல்லும்போது அவர் கண் கேமராவில் இல்லை. எனக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கிளார்க்கின் மேல் இருந்தது. ஹெட்போனில் அவர் மூச்சு கேட்டது, பயந்தவரின் மூச்சு. அம்மாவோடு மலைக்குப் போன பெண்கள் கங்காணி பக்கத்தில் வந்தால் இப்படித்தான் மூச்சு விடுவார்கள் என்று எனக்குப் பட்டது.

நான் கையைத் தூக்கினேன். "சார், சவுண்டு சரியில்லை. சாவிச் சத்தம் விழுகுது."

கிளார்க்கின் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து தொங்கியது உண்மை. அதிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை என்பதும் உண்மை. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா" என்றேன். தள்ளி நின்றார். "இன்னும் விழுகுது" என்றேன். இன்னும் போனார். அவர் செருப்பு சருகில் படுகிறது, வேன் பக்கம் போய்விடுங்கள் என்றேன். கோபமாகப் போனார். கேமராமேன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கேமராவின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த அம்மாளிடம் நானே, "அக்கா, இப்ப சொல்லுங்க" என்றேன். அது என் வேலை இல்லை. பேட்டி எடுக்கிறவர் மட்டும்தான் பேச வேண்டும்.

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். "இந்தக் குழாய்ல தண்ணி வர்றது இன்னைக்குத்தான். நீங்க வர்றீங்கன்னு திறந்து விட்டிருக்காங்க" என்றார். "எங்களுக்கு ஓடைத் தண்ணிதான். மேட்டுல புல்லுக்கு விஷ மருந்து அடிக்கிறதும் நாங்கதான். மழை பெஞ்சா அந்த மருந்து இறங்குறதும் அதே ஓடைக்குத்தான். அதைத்தான் பிள்ளைங்களுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம். என் தங்கச்சி மகன் வாந்தி எடுத்தே போயிட்டான். இதை உங்க டி.வி.ல போடுவீங்களா?"

தயாரிப்பாளர் கையிலிருந்த கேள்வித்தாளைப் புரட்டினார். நான், "போடுவோம்" என்றேன்.

சாயங்காலம் தோட்டத்து மேலாளர் எங்களை டீக்குக் கூப்பிட்டார். யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். இனிமையாகத்தான் பேசினார். விருந்தாளிகளாக வந்தவர்கள் வீட்டுக்காரர்களைச் சங்கடப்படுத்தலாமா என்று கேட்டார். அடுத்த தோட்டங்களுக்குப் போக எங்களுக்கு அனுமதி வேண்டியிருப்பதையும் ஞாபகப்படுத்தினார். வெளியே வந்ததும் தயாரிப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெளிறியிருந்தது.

"அந்தப் பேட்டியை அழிச்சிடு."

"மாட்டேன் சார்."

"நான் சொல்றேன்ல?"

"எழுதிக் குடுங்க சார்."

"என்ன?"

"அந்தம்மா பேசினதை அழிக்கணும்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உடனே அழிக்கிறேன்."

அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைத் தொட்டார், எடுக்கவில்லை. கெட்ட மனிதர் இல்லை. இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர், வேலைக்குப் பயந்தவர். அவர் எழுத மாட்டார் என்று எனக்குத் தெரியும். எழுதினால் அந்தப் பொறுப்பு அவர் தலையில். எழுதாவிட்டால் என் தலையில். என் தலைக்கு நான் பயப்படவில்லை.

"திமிரு பிடிச்சவ நீ" என்றார்.

"ஆமா சார்" என்றேன். டேப்பை என் பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். ஊர் திரும்பும்வரை சாவி என் கழுத்துச் சங்கிலியில் இருந்தது.

சென்னையில் அதைப் போட்டுப் பார்த்தார்கள். பெரிய அறையில் பெரிய ஆட்கள் பேசினார்கள், என்னைக் கூப்பிடவில்லை. முக்கால்வாசியை வெட்டிவிட்டார்கள். குழந்தை இறந்தது போயிற்று, மருந்து போயிற்று. குழாயில் தண்ணீர் வருவது இன்றைக்குத்தான் என்கிற அந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ தப்பி ஒளிபரப்பானது. வெட்டாமல் விட்ட எடிட்டர் யாரென்று எனக்குத் தெரியும், அவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. எனக்கு அது போதவில்லை. போடுவோம் என்று வாக்குக் கொடுத்தது நான். இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. பேசியதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை.

அடுத்து மொரீஷியஸ் போன குழுவில் என் பெயர் இல்லை. என்னை விவசாய நிகழ்ச்சிக்கு மாற்றினார்கள். அதைத் தண்டனை என்று ஆபீசில் எல்லோரும் சொன்னார்கள். கடமலைக்குண்டில் அவரைக்காயும் பெரியகுளத்தில் மாமரமும் கம்பத்தில் திராட்சையும் படம் எடுக்கும்போது, எனக்குத் தெரிந்த மண்ணில் அதே மெஷினைச் சுமந்து நடந்தேன். அப்போது கொடைக்கானல் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் வந்து, பள்ளத்தாக்கில் வீட்டுக்கு வீடு எங்கள் நிகழ்ச்சி தெரிய ஆரம்பித்திருந்தது.

கம்பத்தில் திராட்சை விவசாயி என்று உள்ளூர் அதிகாரி கூட்டி வந்து நிறுத்தியது என் பெரியப்பாவை. வெள்ளை வேட்டி, தோளில் பட்டுத் துண்டு. பந்தல், உரம், விலை எல்லாம் நன்றாகவே பேசினார். முடிக்கும்போது கேமராவைப் பார்த்து, "இந்தா மைக்குப் பிடிச்சிருக்கிற பிள்ளை என் தம்பி மகதான். வெளிநாடெல்லாம் போயிட்டு வந்திருக்கு. தகப்பன் இல்லாத பிள்ளைய நான்தான் தைரியம் சொல்லி அனுப்பி வச்சேன்" என்றார்.

ஹெட்போனைக் கழற்றினேன். "அந்தக் கடைசி வரி வேண்டாம் சார்" என்று விவசாய நிகழ்ச்சித் தயாரிப்பாளரிடம் சொன்னேன். "அது பொய்."

சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள். பெரியப்பாவின் முகம் சிவந்தது. "ஏ பிள்ள, நாலு பேரு முன்னாடி..." என்று ஆரம்பித்தார்.

"நாலு பேரு முன்னாடி நீங்கதான பெரியப்பா சொன்னீக" என்றேன். "போலீஸ்காரர்ட்ட சொன்னதையும் சேத்துச் சொல்லுங்க, ரெண்டையும் போடச் சொல்றேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் பேசவில்லை. எங்களுக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அம்மாவிடம் சொன்னபோது, "திராட்சையப் பத்திச் சொன்னதையாச்சும் போட்டாகளா? அதுல அவரு கெட்டிக்காரரு" என்று மட்டும் கேட்டாள். போட்டார்கள் என்றேன்.

பிறகு நிலையத்துக்குப் புதிய இயக்குநராக ஒரு பெண்மணி வந்தார். இடையில் நின்றுபோயிருந்த வெளிநாட்டுத் தொடரைத் திரும்பத் தொடங்க முடிவானது. என்னை அறைக்குக் கூப்பிட்டு, பழைய விஷயங்களையெல்லாம் கேட்டார். நான் எதையும் மறைக்கவில்லை.

"மொரீஷியசுக்கு இந்தத் தடவை உன்னை அனுப்பலாம்னு நினைக்கிறேன்" என்றார். "கரும்புத் தோட்டங்களுக்கும் போகணும். அங்கேயும் இப்படி ஏதாவது செய்வியா?"

மாட்டேன் என்று சொன்னால் உடனே பயணம். அதுவும் தெரிந்துதான் இருந்தது.

"சொல்ல முடியாது மேடம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. மேசையிலிருந்த பயணக் கோப்பை இழுத்துத் திறந்தார். பிறகு, "கம்பளி எடுத்துட்டுப் போ, இப்போ அங்க குளிர்காலம்" என்றார். அடுத்த வாரம் மொரீஷியஸ் போனேன். அதற்குப் பிறகு இன்னும் சில நாடுகளுக்கும் போனேன்.