ராசா சிலுவை போடக்கூடாது

குருநகரில் அருமைநாயகியின் வாய்க்குப் பயப்படாத ஆம்பிளை கிடையாது. காலையில் சந்தையில் மீன் விற்கிற அதே குரல்தான் பின்னேரம் மாதா கோயில் வளவில் கூத்துப் பழக்கும். அறுபத்தாறு வயது. கையில் தாளம், இடுப்பில் இழுத்துச் செருகிய சேலை. கூத்து ஆசானை அழைப்பதுபோல் அண்ணாவியார் என்று அவளை யாரும் அழைப்பதில்லை. ஆனால் அவள் தலையாட்டாமல் ஒருவரும் மேடையேறியதும் இல்லை.

இந்த வருடத் திருவிழாவுக்கு ஒரு பழைய கூத்து. கிறிஸ்தவ வேதக்காரரை வெட்டச் சொன்ன ராசாவிடம், வெட்டுப்பட்டவர்களில் உன் மகனும் ஒருவன் என்று சேவகன் வந்து சொல்கிற கட்டம். ஒரு காலத்தில் அந்த ராசா அவளுடைய புருசன் லெனாட். இப்போது அவனுடைய தம்பி வின்சன்ற்.

"மூண்டு அடி வா. நில். வாளை விடு. பிறகுதான் பாட்டு. கீழை துவங்கு, கத்தாதை."

வின்சன்ற் வந்தான், நின்றான், வாளை விட்டான். "இளவரசர் மாண்டார்" என்று சேவகன் சொன்னதுதான் தாமதம், அவனுடைய வலது கை நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. சாவுச் செய்தி கேட்டால் குருநகர்க் கை வேறு எங்கே போகும்? பார்த்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எட, வேதக்காரரை வெட்டுற ராசா சிலுவை போடுவானே?"

"கை தானாப் போகுது மச்சாள்."

ஆறு நாளாகியும் அந்தக் கை அடங்கவில்லை.

"விரலை இடுப்புப் பட்டியிலை கொழுவு. உன்ரை அண்ணர் அப்பிடித்தான் நிண்டவர்."

லெனாட் நின்ற நிலை அவளுக்கு அச்சொட்டாக நினைவிருந்தது. அந்த மூன்றடிக்குள் சனம் வாயடைத்துப் போகும். பத்தொன்பது வயதில் அதைப் பார்த்துத்தான் கட்டினால் இவனைத்தான் என்று வீட்டில் சண்டை பிடித்தாள். என்ன காலம் அது!

அவன் கடலுக்குப் போய்த் திரும்பாமல் முப்பத்துநாலு வருடம். சடலமும் வரவில்லை. ஒவ்வொரு கார்த்திகையும் இறந்தவர்களுக்கான பூசைக்கு அண்ணன் பெயரையும் கொடுக்கட்டுமா என்று வின்சன்ற் வந்து கேட்பான். "செத்தவையின்ரை பேரைக் குடு. அவர் கடலுக்குப் போனவர்" என்று கதவைச் சாத்துவாள். லெனாட்டுக்காக அவள் ஒருநாளும் சிலுவை போட்டதில்லை.

திருவிழா அன்று வின்சன்ற் மூன்றடி வந்து நின்றான். வாள் விழுந்தது. சேவகன் சொன்னான். விரல்கள் பட்டியிலேயே கிடந்தன. கீழே, மிகக் கீழே, பாட்டுத் துவங்கியது:

"ஒருக்கால் முகம் காட்டாமல் போனாயே..."

அசல் லெனாட்டின் குரல். திரையோரம் இருந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தாள் அருமைநாயகி. சட்டென்று தாளம் நின்றுபோனது. வின்சன்ற் அசையவில்லை. தாளமில்லாமலே பாடி முடித்தான்.

கூத்து முடிந்ததும் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே வந்தான்.

"மச்சாள், தாளத்தை விட்டிட்டியள்."

"கை தானா நெத்திக்குப் போச்சுது" என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கார்த்திகைப் பூசைக்கு அவரின்ரை பேரையும் குடு" என்றாள்.