சொல்லாத பூங்கா

அக்காவுக்குத் தையல் கடையில் வேலை. பேன்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது. நாள் முழுக்க டியூப்லைட்டின் கீழ் குனிந்திருப்பவள், ஒரு மதியம் நூல்கண்டு வாங்கப் போனபோது சலவைக்கடையை ஒட்டி ஒரு குறுகிய சந்து இருப்பதைப் பார்த்தாள். உள்ளே நுழைந்தால், ஒரு ஹால் அளவுக்குப் பூங்கா! ஒரு பெஞ்ச், ஒரு மரம், ஒழுகும் குழாய். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

தங்கையிடம் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

தங்கை தெருத்தெருவாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். அடுத்தடுத்து மூன்று பூங்காக்களோடு வந்து நின்றாள். ஒன்றில் மீன்குளமாம், இன்னொன்றில் ஊஞ்சலாம்.

"சின்னவளுக்கு எப்பவுமே கண்ணு கூர்மை," என்றாள் அம்மா.

"முதல்ல கண்டுபிடிச்சது நான்தானே?"

"அது ஒரு பார்க்கா, அக்கா? குழாய்க்கு வேலி போட்ட மாதிரி இருக்கு," என்றாள் தங்கை. அக்காவின் கணவன்கூடச் சிரித்துவிட்டான்.

அன்றிலிருந்து அக்கா கண்ட சந்திலெல்லாம் தலையை நீட்டினாள். ஒரு வாட்ச்மேன் விரட்டியும் விட்டான். கடைசியில் பழைய அச்சகத்தின் பின்னால், பூட்டியிருப்பதாக எல்லாரும் நினைக்கும் இரும்புக் கதவைத் தள்ளினாள், திறந்துகொண்டது. கொடிப்பந்தல், அதன் கீழே பாதி நிழலில் நீளமான பெஞ்ச். இந்த முறை கணவனிடம்கூட மூச்சு விடவில்லை. தினமும் மதியச் சாப்பாடு அங்கேதான். தங்கை பெருமையடிக்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

ஒருநாள் போனால், பெஞ்சில் தங்கை கால் நீட்டித் தூங்குகிறாள்! தலைக்கு, அக்கா வெட்டுத்துணியில் தைத்துப் பெஞ்சடியில் ஒளித்து வைத்திருந்த மெத்தை.

"நீ எங்கடி இங்க?"

தங்கை அலறிப் புடைத்து எழுந்தாள். "நான் போன வருஷத்துலேர்ந்தே வரேன்க்கா."

"என் குழாய் பார்க்குக்கு முன்னாடியேவா? ஏன் சொல்லல?"

"சொன்னா நீயும் வந்து உட்காருவே. எனக்குன்னு ஒரு இடம் வேணாமா? நீ மட்டும் சொன்னியாக்கும்?"

"நான் நேத்துதான் பார்த்தேன்."

"பொய் சொல்லாத. உன் தையல் எனக்குத் தெரியாதா? ரொம்ப நாளா இதுலதான் தூங்கறேன். நீ வர்றதுக்குள்ள எழுந்து போயிடுவேன். இன்னிக்கு அசந்துட்டேன்."

அக்காவுக்குத் தான் ஒளித்ததைவிட இவள் ஒளித்ததுதான் அதிகமாக வலித்தது. "குடு இப்படி," என்று மெத்தையைப் பிடுங்கித் தன் பக்கம் போட்டுக்கொண்டு உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். தங்கை கேட்காமலே கைவிட்டு எடுத்துச் சாப்பிட்டாள்.

பாதியில்தான் அக்கா கவனித்தாள்: தான் தினமும் உட்காரும் நிழல் பக்கத்தில் தங்கை; வெயில் தன் பக்கம் மட்டும் அடிக்கிறது.

"தள்ளி உட்காருடி," என்றாள்.