இடது பக்கத்துப் பை

அப்பாவின் மோட்டார் சைக்கிளில் அவரவருக்கு ஓர் இடம் இருந்தது. பெட்ரோல் டாங்கின்மேல் நான். அடுத்து அப்பா. அவருக்குப் பின்னால், இரண்டு கால்களையும் இடது பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு அம்மா. புடவை சக்கரத்தில் சிக்காமல் இருக்க அந்தப் பக்கம் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அடி அண்ணாமலையில் இருந்த சித்தி வீட்டுக்குப் போய்வருவோம். வாரம் முழுக்க வாசலைத் தாண்டாத அம்மாவுக்கு அது ஒன்றுதான் வெளியுலகம்.

அந்த வருஷம் அப்பாவுக்கு ஊர் ஊராகப் போய்த் துணிக்கடைகளில் ஆர்டர் எடுக்கும் வேலை கிடைத்தது. சாம்பிள் துணிகளை வைக்க வண்டிக்குப் பை வேண்டும். தேரடிக்குப் பக்கத்தில் சீட் கவர் தைக்கும் பாய் கடைக்கு என்னையும் அழைத்துப் போனார். காக்கி கான்வாஸும் கறுப்பு ரெக்ஸினும் எடுத்துப் போட்டார் பாய். தேர்ந்தெடுத்த பெரிய மனுஷி நான்தான். பளபளவென்று இருந்த ரெக்ஸினைக் காட்டினேன். ஒரு பை போதும் என்றார் அப்பா.

"ஒரு பக்கம் மட்டும் மாட்டினா வண்டி இழுக்கும் சார். ரெண்டு பக்கமும் போட்டாதான் சரியா வரும்" என்ற பாய், கம்பித் தடுப்பைத் தட்டிப் பார்த்தார். "இதைக் கழட்டணும். அப்புறம் வீட்ல எங்க உக்காருவாங்க?"

அவர் கேட்டது அம்மாவைப் பற்றி என்று எனக்கு எங்கே தெரியும்? முந்திக்கொண்டு, "வீட்ல நாற்காலி இருக்கே!" என்றேன்.

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் பாய் பதிலுக்காக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்டிடுங்க பாய்."

தடுப்பு இருந்த இடத்தில் இரும்புச் சட்டத்தை முடுக்கி, பைகளை வாரால் இழுத்துக் கட்டினார் பாய். வீட்டில் அம்மா அவற்றைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தலையில் பூவோடு வந்தவள், வண்டியின் இடது பக்கம் போய் நின்றாள்.

"பையைக் கழட்டி மாட்டறது பெரிய வேலை. நீ பஸ்ல வந்துடறியா?" என்றார் அப்பா.

"எனக்குத் தலை வலிக்குதுங்க. நீங்க போயிட்டு வாங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

வழியெல்லாம் எனக்கு என்னவோ போல இருந்தது. வழக்கமாக அம்மாவின் கை அப்பாவின் இடுப்பைச் சுற்றி வந்து என் பாவாடையைப் பிடித்திருக்கும். வண்டி ஓட்டும்போது அப்பா பேசவும் மாட்டார். அழுகை வந்தது, காற்று என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சித்தி ஓடிவந்து காலி சீட்டைப் பார்த்தாள். "அக்கா எங்கடி?"

"தலைவலியாம். வரலன்னுட்டாங்க."

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அவர் குனிந்து பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். கிளம்பும்போது அம்மாவுக்கென்று முறுக்கு கட்டிக் கொடுத்தாள். இடது பக்கத்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

"பார்த்தியாம்மா, பை எவ்ளோ உபயோகமா இருக்குது!"

அம்மா தலையாட்டினாள். சித்தி என்ன புடவை கட்டியிருந்தாள், என்ன சமைத்திருந்தாள், தன்னைப் பற்றி என்ன கேட்டாள் என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். தலைவலி என்று படுத்தவளுக்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.