நீர் கோத்த கையை நீவுவது

கண்ணுகளா,

போனில் நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். அம்மாவுக்குக் கை எப்படி இருக்கிறது, அந்த மசாஜ் வலிக்கிறதா, வீக்கம் வடிந்துவிடுமா. அவளிடம் கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கறேன், நீ சாப்டியா?" என்று பேச்சை உங்கள் பக்கம் திருப்பிவிடுவாள். என்னிடம் கேட்டால் நான் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். வடகரப்பதியில் எட்டாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மார்பில் கட்டியை எடுத்தபோது அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே நெறிதான். உடம்பில் ரத்தம் ஓடுவதுபோல நிணநீர் என்று ஒன்று மெதுவாக ஊர்ந்து போகிறதாம். அது நெறி வழியாகத்தான் போக வேண்டுமாம். வழியை எடுத்துவிட்ட பிறகு அது எங்கே போகும்? கையிலேயே தங்கிவிட்டது.

புண் ஆறி, நீங்களும் வந்து பார்த்துவிட்டுப் போய், எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் வலது கை வீங்க ஆரம்பித்தது. முதலில் வளையல் ஏறவில்லை. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். துணி வெட்டும் கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டைவிரல் நுழையாத அன்று தையல் மிஷின்மேல் போர்வையைப் போட்டு மூடினாள். தைக்கக் கொடுத்த ஜாக்கெட் துணிகளை அவரவர் வீட்டுக்கே அனுப்பிவிட்டாள். கை சரியானதும் சொல்கிறேன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. "வேற ஆளப் பாத்துக்கங்க" என்றுதான் சொன்னாள். எனக்குப் பயம் வந்தது அதைக் கேட்டுத்தான், கையைப் பார்த்து அல்ல.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்குப் போகச் சொன்னார்கள். நிணநீர் வடிய மசாஜ் என்றார்கள். மசாஜ் என்றால் நம் பக்கத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்திவிடும் உழிச்சல்தானே. அம்மாவின் அக்கா, உங்கள் பெரியம்மா, முந்தின நாளே வந்துவிட்டாள். "உழிச்சலுக்குப் போறவங்க வெறுங்கையோட போவாங்களா?" என்று ஒரு பாட்டில் தைலம், எண்ணெய் துடைக்கப் பழைய வேட்டி, தேய்த்துக் குளிக்கப் பயத்தமாவு, மாற்றிக் கட்ட ஒரு சேலை எல்லாம் பையில் எடுத்து வைத்தாள். வெறும் வயிற்றில் போக வேண்டும் என்றும் சொன்னாள். போனோம்.

அங்கே இருந்தது உங்களில் பெரியவள் வயதுள்ள ஒரு மலையாளத்துப் பெண். பையைப் பார்த்து, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள்.

"சேச்சி, இதொக்கெ எந்தினா? குளிக்கான் வந்ததா?"

"உழிச்சலுக்குங்க" என்றாள் அம்மா.

"இது உழிச்சல் அல்ல சேச்சி. எண்ண வேண்டா. எண்ண இருந்தா கை வழுக்கும். தோல் மட்டும் நகரணும். ஏதாச்சும் கழிச்சோ?"

சாப்பிடவில்லை என்றதும் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டாள். ஆக, அன்று எங்களுக்குக் கிடைத்த முதல் சிகிச்சை இட்லி.

திரும்பி வந்ததும் அம்மாவைப் படுக்க வைத்தாள். வயிறு எழும்பி இறங்க மூச்சு விடச் சொன்னாள். பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் வைத்தாள். நல்ல பக்கத்து அக்குள். நெஞ்சுக்குக் குறுக்கே. இடுப்புக்குக் கீழே தொடை இடுக்கு. வீங்கின கையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தொட்டாள். தொட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. தொட்டாற்சிணுங்கியை இலை மூடாமல் தொடுவதுபோல இருந்தது. ரொம்ப நேரம் கழித்துத்தான் கைக்கு வந்தாள். அதிலும் முதலில் தோள்பட்டைப் பக்கம், பிறகு முழங்கை, கடைசியில்தான் விரல். எங்கே தொட்டாலும் தள்ளுவது மட்டும் மேல் நோக்கி.

அம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள். "ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"கழியாறாயி சேச்சி" என்றாள் அந்தப் பெண். முடியப் போகிறது என்று அர்த்தம்.

கையில் வீக்கம் இருக்கக் கழுத்தை ஏன் நீவ வேண்டும் என்று கேட்டேன். முன்னால் இடம் ஒழிந்தால்தான் பின்னால் இருப்பது நகரும் என்றாள். "கோபாலபுரம் செக்போஸ்ட்டுல முன்னாடி லாரி போகாம கடைசி லாரிக்காரன் ஹாரன் அடிச்சு என்ன பிரயோஜனம், அப்படிங்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்து, "அதன்னெ, அதேதான்" என்றாள்.

வலிக்கிறதா என்று கேட்டீர்களே. வலிக்காது. வலித்தால் தப்பாகச் செய்கிறார்கள் என்று அர்த்தமாம். முடிந்ததும் அசதியாக இருக்கும். அம்மா பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிட்டாள். நடுவில் எழுந்து, பாத்ரூம் போக வேண்டும் என்று அவள் சொல்லவே, பாதி வழியில் இறங்கினோம். இதுவும் சிலருக்கு நடக்கும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் அடித்தால் மட்டும் நீவக் கூடாது, நேராக டாக்டரிடம் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். அதை நீங்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் பாலக்காடு போய்வர முடியாது. அதனால் வீட்டில் செய்ய எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். மூடிய கண் இமைமேல் விரல் வைத்து எவ்வளவு அழுத்துவோமோ, அவ்வளவுதான் அழுத்த வேண்டும். காலையில் பால் கறந்து முடித்து, கை கழுவி, அம்மாவுக்கு நீவிவிட ஆரம்பித்தேன். பெரியம்மா வாசலில் நின்று பார்த்தாள். "ஏங் கண்ணு, உம்பட புருஷன் நீவறாரா, ஈ ஓட்டறாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த தடவை போனபோது டேப் வைத்து அளந்தார்கள். முன்கை இறங்கவே இல்லை. புறங்கை கொஞ்சம் கூடியிருந்தது. அம்மா டேப்பைப் பார்த்தாள். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "சேட்டன் ஒண்ணு செஞ்சு காட்டு" என்றாள். காட்டினேன். கழுத்து, அக்குள் எல்லாம் சரி என்றாள். கைக்கு வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

"சேட்டனு எந்தா ஜோலி?"

"மாடு வெச்சிருக்கறனுங்க. சொசைட்டிக்குப் பால் ஊத்தறேன்."

"அது கண்டாலே அறியாம்." பார்த்தாலே தெரிகிறதாம்.

என் கை மேலே தள்ளுவதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது முழங்கையில் பிடித்து விரல் வரை இழுத்து, கடைசியில் ஒரு பிடி பிடித்து விட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் ஒரு வாரமாக நீரைக் கீழே இறக்கியிருக்கிறேன்.

"அப்பவே சொன்னேனுங்க, இவரு நீவறதில்ல, கறக்கறாருன்னு" என்றாள் அம்மா.

"நீ எப்பச் சொன்ன?"

"மனசுல."

அன்றிலிருந்து வரிசையை மாற்றினேன். கறந்து முடித்த கையில் அந்த இழுப்பு ரொம்ப நேரம் நிற்கிறது. அதனால் முதலில் அம்மா, அப்புறம் மாடு. மாடு கத்தும். "அதுக்குப் பொறாமை" என்பாள் அம்மா. சொசைட்டிக்குப் பால் தாமதமாகப் போய், அங்கே என்ன என்று கேட்டார்கள். வேலை இருந்தது என்றேன். நீவி முடித்ததும் பஞ்சு வைத்து, விரலிலிருந்து தோள் வரை துணிப்பட்டை சுற்ற வேண்டும். அதை நான் சுற்றினால் அவிழ்ந்துவிடும். அவளே இடது கையால் சுற்றிக்கொள்வாள், தையல்காரி ஆயிற்றே.

ஒரு நாள் சொசைட்டியிலிருந்து திரும்பி வந்தபோது மிஷின்மேல் இருந்த போர்வை மடித்துக் கட்டிலில் கிடந்தது. அவள் கீழே உட்கார்ந்து பழைய பேப்பரைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"கட்டைவிரல் நுழஞ்சுதா?" என்றேன்.

"நுழையுது. வெளிய எடுக்கத்தான் சோப்பு வேணும்."

ஆகவே, வீக்கம் வடிந்துவிடுமா என்ற கேள்விக்குப் பதில்: முழுதாக வடியாது. அடங்கி இருக்கும். விட்டால் திரும்ப ஏறும். அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. தைக்கும்போது விரலில் ஊசி குத்தாமல் நுனிக்கு ஒரு உலோகத் தொப்பி போட்டுக்கொள்கிறாள். நாளுக்கு ஒரு ஜாக்கெட்தான், அதற்கு மேல் நானே மிஷினை மூடிவிடுவேன். பட்டைக்குப் பதிலாக இப்போது பகலில் இறுக்கமான ஒரு கையுறை கொடுத்திருக்கிறார்கள், தோள் வரை வரும். இரண்டு உண்டு, ஒன்று போட, ஒன்று துவைக்க. "இறுக்கமா இருக்கா?" என்று கேட்டால், "பழகிருச்சு" என்பாள்.

நேற்று அவள் தெருக்கோடி வீட்டில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த மற்றக் கையுறையை எடுத்து என் வலது கையில் மாட்டிப் பார்த்தேன். முழங்கைக்கு மேல் ஏறவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். விரல் நுனி மரத்ததும் கழற்றி, சோப்புப் போட்டு மறுபடி அலசி, பிழியாமல் நிழலில் காயப்போட்டேன்.